கருந்துளையைத் தட்டினால் என்ன ஆகும்? கணக்கு போட்ட சந்திரசேகர்: குற்றால அருவி வழியாக ஒரு விளக்கம்

குற்றாலம் பேரருவியில் குளிக்கத் தடை. சாரல் சீசன் வந்தாலே அடிக்கடி காதில் விழும் செய்தி இது. தென்காசியில் பஸ் ஏறி, ஐந்து கிலோமீட்டர் தாண்டி, தோளில் துண்டோடு ஆசையாக வந்து இறங்கினால் போலீஸ் தடுத்து நிறுத்தி வைத்திருப்பார்கள். பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி தண்ணீர் கொட்டுகிறது என்பதுதான் காரணம்.

தண்ணீர் அளவாக விழும்போது அருவி எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மலையில் மழை கொஞ்சம் கூடினால் அருவியிலும் தண்ணீர் கொஞ்சம் கூடும். வெள்ளம் வந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. வெள்ளம் கல்லையும் மரக்கிளையையும் இழுத்து வரும். தான் ஓடும் பாதையையே மாற்றும். மாறின பாதை வெள்ளத்தின் போக்கை மறுபடியும் மாற்றும்.

கருந்துளை இயற்பியலில் இன்றைக்கும் விஞ்ஞானிகளை வேலை வாங்கிக்கொண்டிருப்பது இதே வித்தியாசம்தான். கருந்துளையை லேசாகத் தட்டினால் என்ன ஆகும் என்பது ஒரு கணக்கு. ஓங்கி அடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. முதல் கணக்கை வரி விடாமல் போட்டுப் புத்தகமாக்கிய தமிழர் சுப்ரமணியன் சந்திரசேகர். இரண்டாவது கணக்கின் பக்கமும் அவர் போனார். அவர் காலமாகி 30 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அவர் தொட்ட கேள்விக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக விடை வந்துகொண்டிருக்கிறது.

யார் இந்த சந்திரசேகர்?

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். அப்பா சி.எஸ். ஐயர், ரயில்வே கணக்குத் தணிக்கையில் உயர் அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அப்பாவின் தம்பி, அதாவது சந்திரசேகருக்குச் சித்தப்பா, சர் சி.வி. ராமன்.

அப்பாவின் வேலை மாறுதலால் குடும்பம் 1916-ல் லக்னோவுக்கும் 1918-ல் சென்னைக்கும் வந்தது. மயிலாப்பூரில் வீடு. 12 வயது வரை சந்திரசேகர் பள்ளிக்கூடமே போகவில்லை, வீட்டிலேயே படிப்பு. அப்புறம் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, 1925-லிருந்து மாநிலக் கல்லூரி.

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவரைப் போய்ப் பார்த்த சந்திரசேகருக்கு ஓர் அதிர்ச்சி. தான் கரைத்துக் குடித்திருந்த அணு இயற்பியல் அதற்குள் பழசாகிப் போயிருந்தது. ஐரோப்பாவில் குவாண்டம் இயற்பியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டிருந்தது. அந்தப் புது இயற்பியலைத் தானே படித்து, கல்லூரி மாணவராக இருக்கும்போதே எழுதிய ஆய்வுக் கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியானது.

அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆக வேண்டும் என்று ஆசை. அம்மா, மனசுக்குப் பிடித்ததைப் படி என்று மகன் பக்கம் நின்றார். கேம்பிரிட்ஜ் போக அரசு உதவித்தொகை கிடைத்தபோது அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் இருந்தது. மகன் தயங்கினார். போய்த்தான் ஆக வேண்டும் என்று அனுப்பி வைத்தது அம்மாதான். அடுத்த வருடமே, 1931-ல், அவர் இறந்துவிட்டார். மகன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்.

கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை 31. பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பியது. சந்திரசேகருக்கு வயது 19. பயணத்தில் அவர் கையில் எடுத்தது செத்துப்போன நட்சத்திரங்களின் கணக்கு.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்கும். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் இதற்கு மேல் நெருக்க முடியாது என்று எதிர்த்து நிற்கும். அப்படி நின்றுபோனவைதான் வெள்ளைக் குள்ள நட்சத்திரங்கள். எல்லா நட்சத்திரமும் கடைசியில் இப்படித்தான் அமைதியாக அடங்கும் என்று அப்போது நம்பினார்கள்.

சந்திரசேகர் அதில் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்த்தார். அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். அப்படியென்றால் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால், எலக்ட்ரான்களின் எதிர்ப்புக்கு ஓர் உச்சவரம்பு வருகிறது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால், எலக்ட்ரான்களால் தாங்கிப் பிடிக்க முடியாது. சுருங்குதல் நிற்காது. இதைத்தான் இன்றைக்கு சந்திரசேகர் வரம்பு என்கிறோம்.

லண்டன் கூட்டத்தில் என்ன நடந்தது?

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டம். 24 வயது சந்திரசேகர் தன் முடிவை முன்வைத்தார். அடுத்ததாகப் பேசியவர் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது எடுத்த அளவீடுகளால் ஐன்ஸ்டைன் கோட்பாட்டுக்கு ஆதாரம் கொடுத்த பெரிய மனிதர். கேம்பிரிட்ஜில் சந்திரசேகரின் அறைக்கே வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தவர்.

அந்த எடிங்டன், சபை முன்னால் அந்த முடிவைக் கிண்டலடித்து நிராகரித்தார். நட்சத்திரம் இப்படி முடிவில்லாமல் சுருங்கிப்போவதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தே தீரும் என்பது அவர் வாதம். கூட்டம் சிரித்தது. பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. போர், பௌலி போன்றவர்களுக்கு சந்திரசேகர் கணக்கில் தப்பே இல்லை என்று தெரியும். ஆனாலும் எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகப் பேச யாரும் முன்வரவில்லை.

1936-ல் சென்னையில் லலிதாவுடன் திருமணம். 1937-ல் அமெரிக்கா, சிகாகோ பல்கலைக்கழகம். கடைசி வரை அங்கேதான் இருந்தார். 1939-ல் நட்சத்திரங்களின் அமைப்பு பற்றித் தன் முதல் புத்தகத்தை எழுதி முடித்தார். அதோடு அந்தத் துறையை விட்டு நகர்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் அதுவே அவர் பழக்கம் ஆகிவிட்டது. ஒரு துறையை எடுப்பது, பல வருடம் அதிலேயே மூழ்குவது, எல்லாவற்றையும் ஒரு தடித்த புத்தகமாக எழுதுவது, அடுத்த துறைக்குப் போய்விடுவது. எடிங்டன் மேல் அவர் பகை பாராட்டவில்லை. பின்னாளில் எடிங்டனின் அறிவியல் பணியைப் பாராட்டி ஒரு சிறு நூலே எழுதினார்.

கருந்துளை என்றால் என்ன?

பேரருவிக்கு மேலே ஓடும் சிற்றாற்றில் ஒரு மீன் நீந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்புக்குத் தூரத்தில் தண்ணீர் மெதுவாக ஓடும். மீன் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பிவிடலாம். விளிம்பை நெருங்க நெருங்க தண்ணீரின் வேகம் கூடும். ஓர் இடத்தில் தண்ணீரின் வேகமும் மீனின் அதிகபட்ச வேகமும் சமமாகும். அதைத் தாண்டினால், மீன் எவ்வளவு வாலை ஆட்டினாலும் கீழேதான் போகும். அந்த இடத்தில் சுவரும் கிடையாது, கோடும் கிடையாது. தாண்டின நொடியில் மீனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மீனுக்குப் பதில் ஒளி, ஆற்றுக்குப் பதில் இடம். அதுதான் கருந்துளை. திரும்ப முடியாத அந்த எல்லைக்கு நிகழ்வு எல்லை என்று பெயர். சூரியனை அப்படியே கருந்துளையாக அமுக்கினால் அதன் குறுக்களவு சுமார் 6 கிலோமீட்டர்தான். தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்குமான தூரத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும்.

சரி, அதை ஏன் தட்டிப் பார்க்க வேண்டும்?

காகிதத்தில் கருந்துளை என்பது ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் ஒரு விடை. சுழலாத கருந்துளைக்கான விடை 1916-ல் வந்தது, சுழலும் கருந்துளைக்கானது 1963-ல். ஆனால் காகிதத்தில் விடை இருக்கிறது என்பதற்காக இயற்கையில் அந்தப் பொருள் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பென்சிலைக் கூர்முனையில் நிற்கவைக்கலாம் என்று கணக்கும் சொல்லும். காற்று பட்டாலே விழுந்துவிடும் என்பதால் அப்படி நிற்கும் பென்சிலை யாரும் பார்த்ததில்லை.

விண்வெளியில் எப்போதும் ஏதாவது ஒன்று வந்து மோதிக்கொண்டே இருக்கும். தூசி, வாயு, நட்சத்திரம், ஒளி. ஒரு சின்ன உலுக்கல் வளர்ந்து வளர்ந்து கருந்துளையையே குலைத்துவிடும் என்றால், எடிங்டன் சொன்னது வேறு வழியில் சரியாகிவிடும். உலுக்கல் அடங்கிப்போனால் கருந்துளை நிலையானது. இதைக் கண்டுபிடிக்கும் கணக்குக்குத்தான் உலைவுக் கோட்பாடு என்று பெயர்.

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் மணி தனக்கே உரிய சுருதியில் ஒலித்து, மெல்ல அடங்கும். எதை வைத்துத் தட்டினாலும் அந்தச் சுருதி மாறாது. கருந்துளையும் அப்படித்தான் ஒலித்து அடங்கும் என்று 1970-ல் காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விஸ்வேஷ்வரா. ஒரே வித்தியாசம், கோயில் மணியின் நாதம் நீண்ட நேரம் நிற்கும். கருந்துளையின் ஒலி சில அதிர்வுகளிலேயே காணாமல் போய்விடும். அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதி அலையாக வெளியே போகும், மீதி உள்ளேயே விழுந்துவிடும்.

64 வயதில் திரும்பி வந்தார்

1970-களின் நடுவில் சந்திரசேகர் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார். 24 வயதில் எந்தச் சரிவைச் சொல்லிக் கேலிக்கு ஆளானாரோ, அந்தச் சரிவின் கடைசிப் புள்ளி கருந்துளை. 40 வருடம் வேறு எங்கெங்கோ சுற்றிவிட்டு 64 வயதில் அதே இடத்துக்குத் திரும்பியிருந்தார்.

1975-ல் ஸ்டீவன் டெட்வைலருடன் சேர்ந்து, சுழலாத கருந்துளையின் சுருதிகளைக் கணக்கிட்டு வெளியிட்டார். அங்கே ஒரு விநோதம் இருந்தது. கருந்துளையை ரெண்டு விதமாக உலுக்கலாம். முறுக்கிவிடுவது மாதிரி ஒன்று, அமுக்கி இழுப்பது மாதிரி இன்னொன்று. ரெண்டுக்கும் தனித்தனி சமன்பாடு உண்டு, பார்க்கவும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் சுருதிகள் மட்டும் அச்சு அசலாக ஒன்றே. ஏன் என்பதற்கு விடையாக, ஒரு சமன்பாட்டை இன்னொன்றாக மாற்றும் வழியைச் சந்திரசேகர் காட்டினார். ரெண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1976-ல் சுழலும் கருந்துளையின் பக்கத்தில் எலக்ட்ரான் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான சமன்பாட்டையும் பிரித்துத் தீர்த்தார்.

1983-ல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய அவர் புத்தகம் வெளியானது. 600 பக்கத்துக்கு மேல். அதில் அச்சேறாத இடைக்கணக்குகள் மட்டும் இன்னொரு 600 பெரிய தாள்களும் ஆறு நோட்டுப் புத்தகங்களும் வந்தன. சரிபார்க்க விரும்புகிறவர்களுக்காக அவற்றைச் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 19, அவருடைய 73-வது பிறந்தநாள் அன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நட்சத்திரங்களின் அமைப்பும் வளர்ச்சியும் பற்றிய ஆய்வுக்கான பரிசு அது.

நேரியல், நேரியலற்ற: என்ன வித்தியாசம்?

இவ்வளவு பெரிய புத்தகத்தில் போட்ட உலைவுக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உலுக்கல் ரொம்பச் சின்னதாக இருக்க வேண்டும். இதற்கு நேரியல் உலைவு என்று பெயர்.

அமைதியான குளத்தில் ரெண்டு கல்லைப் போட்டால், ரெண்டு வளையங்களும் ஒன்றை ஒன்று தாண்டி, எதுவும் நடக்காத மாதிரி தன் பாட்டுக்குப் போகும். ரெண்டு மடங்கு பலமாகப் போட்டால் அலை ரெண்டு மடங்கு உயரும். எல்லாம் கூட்டல் கணக்கு. இது நேரியல்.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு அடிப்படையில் அப்படிப்பட்டது இல்லை. ஆற்றல் இருக்கும் இடத்தில் எல்லாம் ஈர்ப்பு உண்டு. ஈர்ப்பு அலைக்கும் ஆற்றல் உண்டு. அதனால் ஈர்ப்பு அலையே இன்னும் கொஞ்சம் ஈர்ப்பை உண்டாக்கும். அது அலையை மாற்றும், மாறின அலை மறுபடியும் ஈர்ப்பை மாற்றும். பேரருவி வெள்ளம் தன் பாதையைத் தானே மாற்றிக்கொள்வது மாதிரி. இதுதான் நேரியலற்ற தன்மை. உலுக்கல் சின்னதாக இருந்தால் இந்தச் சுற்று விளைவு மிக மிகக் குறைவு, விட்டுவிடலாம். ரெண்டு கருந்துளைகள் மோதும்போது விட முடியாது.

கோயில் மணியில் இது எப்படி இருக்கும்? மெதுவாகத் தட்டும்போது வரும் சுருதியோடு, ஓங்கி அடிக்கும்போது அதன் ரெட்டிப்பு அதிர்வெண்ணில் ஒரு புது ஒலியும் மெலிதாகக் கலந்து வரும். முதல் ஒலியே தன்னோடு தான் கலந்து பெற்ற குழந்தை அது. முதல் ஒலியின் பலத்தை ரெண்டு மடங்காக்கினால் இந்தக் குழந்தை ஒலி நாலு மடங்காகும். விஞ்ஞானிகள் இதை இரண்டாம் படி உலைவு என்கிறார்கள்.

அந்தப் பக்கமும் போனார்

கருந்துளைப் புத்தகம் முடிந்தபோது சந்திரசேகருக்கு 70 வயது தாண்டிவிட்டது. வழக்கம்போல அடுத்த கேள்வியை எடுத்தார். ரெண்டு ஈர்ப்பு அலைகள் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும்?

இந்த முறை உலுக்கல் சின்னது என்ற சலுகை எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. முழுச் சமன்பாட்டுக்கும் சரியான விடை தேடினார். வலேரியா ஃபெராரி, கிரேக்க இளைஞர் பசிலிஸ் சாந்தோபூலோஸ் ஆகியோருடன் 1984-லிருந்து வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. மோதும் ஈர்ப்பு அலைகள் குளத்து வளையங்கள் மாதிரி சும்மா தாண்டிப் போவதில்லை. ஒன்றை ஒன்று குவித்து, வெளியையே கடுமையாக வளைத்துவிடுகின்றன. 1986-ல் அவரும் சாந்தோபூலோஸும் கண்டுபிடித்த ஒரு விடையில், மோதலுக்குப் பிறகு உருவாகும் பகுதி, சுழலும் கருந்துளையின் உட்பகுதியைப் போன்ற வடிவம் கொண்டிருந்தது. பருப்பொருள் எதுவும் இல்லாமல், வெறும் அலைகள் மோதியே அப்படி ஒரு எல்லை வந்தது.

1990 நவம்பரில் கிரீட் தீவில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சாந்தோபூலோஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 80 வயது சந்திரசேகருக்கு அது பெரிய இழப்பு. அதன் பிறகும் ஃபெராரியுடன் சேர்ந்து நட்சத்திரங்களின் அதிர்வுகளைச் சார்பியல் வழியில் ஆராய்ந்தார். 1995-ல் நியூட்டனின் பிரின்சிபியா பற்றிய விளக்க நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் காலமானார். 1999-ல் நாசா அனுப்பிய எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரை வைத்தார்கள்.

அவருக்குப் பிறகு என்ன நடந்தது?

சந்திரசேகர் உயிரோடு இருந்தவரை கருந்துளையின் ஒலியை யாரும் பதிவு செய்யவில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பு அலையைப் பிடித்தன. சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள ரெண்டு கருந்துளைகள் இணைந்த மோதல் அது. பிறந்த புதுக் கருந்துளையின் எடை 62 மடங்கு. மீதி சுமார் மூன்று சூரிய எடை முழுக்க அலையாகப் போய்விட்டது. மோதலின் முடிவில் நொடிக்குச் சுமார் 250 அதிர்வு என்ற அளவில் ஒலித்து, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது ஏறக்குறைய அடங்கியது. உலைவுக் கணக்கு சொன்ன மாதிரியே.

2025 ஜனவரி 14, நம்ம ஊரில் பொங்கல் அன்று, அதைவிட மிகத் தெளிவான ஒரு சமிக்ஞை வந்தது. இந்த முறை ஒரு சுருதிக்கு மேல் பிரித்துப் பார்க்க முடிந்தது. ரெண்டும் சுழலும் கருந்துளைக்கான கணக்கோடு பொருந்தின.

நேரியலற்ற கணக்கிலும் முன்னேற்றம் உண்டு. கணினியில் நடத்திய கருந்துளை மோதல்களை அலசி, அந்த ரெட்டிப்பு அதிர்வெண் ஒலி உண்மையிலேயே இருக்கிறது என்று 2023-ல் ரெண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. வானத்திலிருந்து வரும் அலையில் அதைத் தெளிவாகப் பிடிக்க, இன்னும் கூர்மையான கருவிகள் வேண்டும்.

எடிங்டன் எழுப்பிய கேள்வி என்ன ஆனது? சின்ன உலுக்கலுக்குக் கருந்துளை குலையாது என்று நேரியல் கணக்கு சொல்லியிருந்தது. ஆனால் விட்டுவிட்ட அந்தச் சின்னச் சின்ன சுற்று விளைவுகள் எல்லாம் காலப்போக்கில் சேர்ந்து பெரிதாகிவிடாதா என்ற சந்தேகம் பாக்கி இருந்தது. 2022-ல் எலெனா ஜியோர்ஜி, செர்ஜியு கிளெய்னர்மன், ஜெரெமி செஃப்டெல் ஆகிய மூவரும் 900 பக்கத்துக்கு மேல் நீளும் நிரூபணம் ஒன்றை வெளியிட்டார்கள். மெதுவாகச் சுழலும் கருந்துளையை லேசாக உலுக்கினால், முழு நேரியலற்ற சமன்பாட்டின்படியும் அது அடங்கி, மறுபடி ஒரு கருந்துளையாகவே நிற்கும் என்பது அதன் சாரம். வேகமாகச் சுழலும் கருந்துளைகளுக்கு இந்த முழு நிரூபணம் இன்னும் பாக்கி.

1935-ல் லண்டன் சபை சிரித்த கணக்குக்கு, 87 வருடம் கழித்து வந்த பதில்களில் ஒன்று இது. அந்த வழியில் வேலை செய்கிற இளம் ஆய்வாளர்கள் இன்றைக்கும் முதலில் புரட்டும் புத்தகங்களில் ஒன்று, 1983-ல் சந்திரசேகர் எழுதியதுதான்.